கொட்டாங்கச்சியில் தவளை முட்டை

மொட்டை மாடிக்கு மோர்மிளகாய் உலர்த்தப் போன என் மாமியார், இறங்கி வரும்போது இரண்டு கையிலும் கொட்டாங்கச்சியோடு வந்தார். நான் பின்கட்டு முற்றத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"சரோஜா, உன் தோட்டத்துல தவள முட்ட போட்டிருக்குது. வந்து பாரு" என்றார்.

எட்டிப் பார்த்தேன். கொட்டாங்கச்சிக்குள் மண்ணே தெரியவில்லை. வழவழவென்று சாம்பல் நிறத்தில் ஒரு கொழகொழப்பு. மணிமணியாக இருந்தது, ஒவ்வொரு மணிக்கு நடுவிலும் ஒரு கறுப்புப் புள்ளி. மழைக்காலத்தில் கடலூர்ப் பள்ளங்களில் நான் பார்த்த தவளை முட்டைக்கும் இதற்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. ஆனால் மாடிப்படி ஏறி வந்து முட்டை போடுகிற தவளை எங்கே இருக்கிறது? அதுவும் நல்ல வெயில் காலத்தில்?

"இது என்னுது இல்ல அத்தை" என்றேன்.

"கொட்டாங்கச்சியில மண்ணு போட்டு வைக்கிறவ இந்த வூட்டுல வேற யாரு?"

அது நியாயமான கேள்விதான். நான் பதில் யோசிப்பதற்குள் அத்தை இரண்டையும் சாக்கடைப் பக்கமாக வீசிக் கவிழ்த்துவிட்டார். பிறகு மறுபடி மேலே போய் அதே மாதிரி இருந்த மீதியையும் எடுத்து வந்து கொட்டினார். தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்துக் கழுவி, படிக்கட்டில் வரிசையாகக் கவிழ்த்து வைத்தார். என் மாமியாருக்குச் சுத்தம் என்றால் உயிர். அந்தக் கொட்டாங்கச்சிகள் பளபளவென்று இருந்தது இப்போதும் கண்ணிலேயே நிற்கிறது.

கண் உள்ள பாதி, கண் இல்லாத பாதி

கொட்டாங்கச்சியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் மேற்கொண்டு கதை ஓடாது.

நான் பிறந்து வளர்ந்தது கடலூர் ஓ.டி.யில், அதாவது பழைய டவுனில். வீட்டுக்குப் பின்னால் நாலு தெரு தாண்டினால் துறைமுகம். மண் எல்லாம் மணல். தரையில் கத்தரி விதை தூவினால் காலையில் தூவியது சாயங்காலம் பக்கத்து வீட்டில் கிடக்கும், அப்படிக் காற்று. அதனால் எங்கள் அம்மா எல்லாவற்றையும் கொட்டாங்கச்சியிலும் பால்பவுடர் டின்னிலும்தான் முளைக்கப் போடுவாள். உப்புக் காற்று ஏறும்போது நாங்கள் ஆளுக்கு இரண்டாகத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவோம். பள்ளிக்கூடத்துப் பாடத்தை விட அந்த ஓட்டம்தான் எனக்கு நன்றாக வந்தது.

தேங்காயை உடைத்தால் ஒரு பாதியில் மூன்று கண் இருக்கும், ஒரு பாதியில் இருக்காது. கண் உள்ள பாதிதான் விதைக்கு. மெல்லிய கண்ணை ஆணியால் குத்திவிட்டு, அதன் மேல் ஒரு ஓட்டுச்சில்லு வைத்து, செம்மண்ணும் மணலும் காய்ந்த சாணித்தூளும் கலந்து நிரப்பினால், ஊற்றுகிற தண்ணீர் நிற்காமல் வடிந்துவிடும். விதையைச் சாம்பலில் புரட்டித் தூவினால் எறும்பு இழுக்காது. தண்ணீரை ஊற்றக் கூடாது, கையால் தெளிக்க வேண்டும். கண் இல்லாத பாதியில் தண்ணீர் தேங்கும், விதை அழுகும். அது அகப்பைக்கும் அடுப்புக்கும்தான்.

இவ்வளவு விவரம் பேசுகிறேனே தவிர, நான் பெரிய தோட்டக்காரி என்று எண்ணிவிடாதீர்கள். கத்தரி, தக்காளி, மிளகாய் மூன்றும் முதல் இரண்டு இலை விடும்போது எனக்கு ஒன்றுபோலத்தான் தெரியும். எதில் எதைப் போட்டேன் என்று அடையாளமும் வைக்க மாட்டேன், ஞாபகம் இருக்கும் என்று ஒரு திமிர். ஒரு தடவை மிளகாய் நாற்று என்று தெருவுக்கே தானம் செய்துவிட்டேன். எல்லார் வீட்டிலும் கத்தரி காய்த்தது. அதற்குப் பிறகு பல நாள் நான் அந்தத் தெரு வழியாகப் போகாமல் சுற்றிப் போனேன்.

கல்யாணமாகிச் சிதம்பரம் வந்தபோது, போன வாரம் இந்தப் பத்தியில் சொன்னேனே அந்தச் சந்து வீடு, அதில் ஒரு பிடி மண் கிடையாது. முற்றம் முழுக்க சிமெண்டு. நடுவில் ஒரு துளசி மாடம், அதைச் சுற்றி மட்டும் சிமெண்டு விரிசல் விட்டுக் கொஞ்சம் மண் தெரியும். ஆகவே என் கொட்டாங்கச்சிகள் மாடிக் கைப்பிடிச் சுவருக்கு ஏறின.

அந்தத் துளசி அந்தக் கோடையில் பட்டுப்போயிருந்தது. வெறும் குச்சிதான் நின்றது. அத்தை அந்தக் குச்சிக்கும் தினம் தண்ணீர் ஊற்றிச் சுற்றி வருவார். துளசி விஷயத்தில் அவர் அப்படி. விளக்கு வைத்த பிறகு துளசியைத் தொடக் கூடாது. தீர்த்தத்தோடு வந்தால் விழுங்க வேண்டும், பல் படக் கூடாது. புதுப்பெண்ணாக வந்த சமயம் கோவிலில் நான் தீர்த்தத் துளசியை மென்றுவிட்டு, வீடு வரும்வரை பாட்டு வாங்கினேன். தன்னையே பல்லால் கடித்த மாதிரி இருந்ததாம் அத்தைக்கு.

மற்றபடி அத்தை பசி தாங்காதவர். ஏகாதசிக்கே மூன்று தோசை சாப்பிடுவார். அன்னதானம் நடக்கிற வடலூர் தருமசாலைக்கு நாங்கள் போனால் அவரைத் தேட வேண்டிய வேலையே இல்லை, நேராகப் பந்திக்குப் போனால் போதும்.

மாடி வீட்டு ஹாஜரா

கழுவின கொட்டாங்கச்சிகளைப் பார்த்தது ஹாஜரா. மாடிப் பகுதியில் குடியிருந்த பெண். படியில் இறங்கி வந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, இதுல நான் வெத போட்டிருந்தேன்" என்றாள்.

ஹாஜராவின் அப்பா பரங்கிப்பேட்டைக்காரர், பிழைக்கப் போன இடம் பினாங்கு. இவள் அங்கேயே பிறந்து வளர்ந்து, பரங்கிப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷன் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி நாள் தண்ணீர் மேல். முதல் பிள்ளை ஐந்தாம் மாசத்தில் தங்காமல் போய்விட்டது. அதனால் இந்தத் தடவை லேடி டாக்டர் பக்கத்தில் இருக்கட்டும் என்று, அவள் மாமியார் அவளைச் சிதம்பரத்துக்குக் கூட்டி வந்து எங்கள் மாடியில் குடியிருந்தார். அந்த அம்மாளை நாங்கள் எல்லாரும் மாமி என்போம். முட்டிவலி என்பதால் மொட்டை மாடிப் பக்கம் போகவே மாட்டார்.

ஹாஜராவுக்கு நாலு மாசம் முடியப் போகிறது, மசக்கை மட்டும் முடிகிற வழியாக இல்லை. கஞ்சியா, வாந்தி. ரொட்டியா, வாந்தி. மாமி பார்த்துப் பார்த்துச் செய்கிற எதுவும் அந்த வயிற்றில் நிற்கவில்லை. கன்னம் ஒட்டி, கைவளையல் முழங்கைவரை ஏறியது. இப்படியே போனால் இதுவும் தங்காது என்று டாக்டரம்மா மாமியிடம் தனியாகச் சொல்லிவிட்டார். மாமி அதை என்னிடம் தனியாகச் சொன்னார். ஹாஜராவுக்கு யாரும் சொல்லவில்லை, ஆனால் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவள் ஆசைப்பட்டது ஒரே ஒரு தழைக்கு. பினாங்கில் அவள் அம்மா வீட்டுக் கிணற்றடியில் இருக்குமாம். பச்சையாகப் பறித்து, மிளகாயும் சென்னாக்குனி என்கிற பொடி இறால் கருவாடும் இடித்து வைத்துக்கொண்டு, சோற்றோடு கடித்துக்கொள்வார்களாம். அது இருந்தால் சாப்பிடுவேன் என்றாள். புருஷன் போன தடவை வந்தபோது அந்த விதையை ஒரு காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து கொடுத்திருந்தான். நான் விதை போடுவதைப் பார்த்துவிட்டு, அவளும் எங்கள் அடுப்படியில் ஒதுக்கிப் போட்டிருந்த கொட்டாங்கச்சிகளைக் கேட்காமல் எடுத்துப் போயிருக்கிறாள். எல்லாம் கண் இல்லாத பாதி. இருந்த விதை அவ்வளவையும் அதில் போட்டுவிட்டாள். கப்பல் திரும்பி வர இன்னும் எத்தனையோ மாசம்.

நான் சாக்கடையோரம் குந்தி உட்கார்ந்து துழாவினேன். அத்தை அதன் மேல் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டிருந்தார்.

"அழுகிப்போன வெததான் ஹாஜரா. இருந்திருந்தாலும் முளைச்சிருக்காது" என்று தேற்றினேன்.

"அது அப்படித்தான்க்கா இருக்கும்" என்றாள் அவள்.

அழுகினது அழுகினபடிதான் இருக்கும் என்கிறாள் போல என்று நான் நினைத்துக்கொண்டேன். என் புத்தி அவ்வளவுதான் எட்டியது.

அன்றைக்குச் சாயங்காலம் அத்தை மாடிப்படிவரை போய் நின்றுவிட்டு, ஏறாமல் திரும்பி வந்தார்.

அடுத்த நாளிலிருந்து நான் கிளம்பினேன். புதினா கொண்டுபோனேன், கொத்தமல்லி கொண்டுபோனேன், கற்பூரவல்லி, வெந்தயக்கீரை, தூதுவளை, எதையும் விடவில்லை. அவள் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்து, எனக்கு வருத்தமாக இருக்கக் கூடாதே என்று மெதுவாகத் தலையாட்டுவாள். எப்படி இருக்கும் அந்த இலை என்று கேட்டால் கட்டைவிரல் நுனியைக் காட்டுவாள். வாசனை எப்படி என்றால், யோசித்து, எலுமிச்சம்பழம் மாதிரி என்பாள். பிறகு, இல்லை, அப்படி இல்லை என்பாள். எனக்குத் தலை சுற்றியது. மசக்கை அவளுக்கா எனக்கா என்று என் வீட்டுக்காரர் கேலி செய்தார்.

பஸ் ஸ்டாண்டு சர்பத்

நடுவில் அண்ணன் பிள்ளைக்குக் காதுகுத்து என்று கடலூர் போனேன். போன இடத்தில் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டு, ஒரு மாசத்துக்கு மேல் தங்கும்படி ஆயிற்று. திரும்புகிற அன்றைக்கு பஸ் ஏற்ற வந்த அண்ணன், வெயிலாக இருக்கிறதே என்று ஒரு சர்பத் வாங்கிக் கொடுத்தான். எங்கள் வீட்டுப் பெண்கள் கடையில் நின்று குடிக்கிற வழக்கம் அப்போது இல்லை. அதுதான் எனக்கு முதல் தடவை.

தம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நின்றேன். உள்ளே தவளை முட்டை மிதந்தது. அதே வழவழப்பு, நடுவில் அதே கறுப்புப் புள்ளி.

என்ன இது என்று கடைக்காரரைக் கேட்டேன். சப்ஜா விதை என்றார். நான் முழித்ததைப் பார்த்து, டப்பாவிலிருந்து கொஞ்சம் எடுத்துக் காட்டினார். கறுப்பாக, கடுகை விடப் பொடிசாக இருந்தது. அதைத் தண்ணீரில் போட்டார். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொன்றும் சட்டை போட்டுக்கொண்டு உப்பியது.

"கெட்டுப் போயிடுச்சா?" என்றேன்.

"தண்ணி பட்டா இப்படித்தாம்மா ஆவும். இதுல கெடுறதுக்கு என்னா இருக்குது?" என்றார் அவர்.

அப்படியானால் ஹாஜராவின் விதை அழுகவே இல்லை. நல்ல உயிருள்ள விதையைத்தான் வாரிக் கொட்டிவிட்டோம். ‘அது அப்படித்தான்க்கா இருக்கும்’ என்று அவள் சொன்னது இதைத்தான். கடைக்காரரிடமே ஒரு பொட்டலம் விதை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன். ஆனால் இதைப் போட்டு, முளைத்து, இலை பறிக்க ஒரு மாசம் ஆகுமே. அதுவரை அவள் தாங்குவாளா? தவிர இது அந்த விதைதானா, இதன் சித்தப்பா பிள்ளையா, அதுவும் தெரியவில்லை. சிதம்பரம் வரும்வரை பஸ்ஸில் இதே குழப்பம்.

தானாக வந்தவள்

வீட்டுக்குள் நுழைந்தால் அத்தை முகமெல்லாம் சிரிப்பு. கையைப் பிடித்து முற்றத்துக்கு இழுத்துப் போனார். மாடத்தில் பட்ட குச்சியைக் காணோம். அங்கே ஒரு சாண் உயரத்துக்குப் பச்சைப்பசேலென்று செடி. மாடத்துக்கு மஞ்சள் குங்குமம், பக்கத்தில் அகல் விளக்கு.

"மாடத்தடியில தானா மொளைச்சி வந்தா. நெய் டின்னுல ஓட்ட போட்டு, அதுல பொத்தி வளத்து, அப்புறமா மாடத்துல வச்சேன். வெயில் படாம, மழ படாம, ஒரு எல கூட வாடல" என்றார்.

குனிந்து பார்த்தேன். துளசி மாதிரித்தான் இருந்தது. தண்டு மட்டும் வழுவழுவென்று இருந்தது, துளசிக்குப் பூனைமயிர் மாதிரி இருக்கும். தொடாமல் முகர்ந்தேன். துளசி வாசனை வந்தது. அதற்குப் பின்னாலேயே எலுமிச்சை வாசனை ஒன்றும் வந்தது. மாடத்தடியிலிருந்து சாக்கடை எவ்வளவு தூரம் என்று பார்த்தேன். வீசிக் கவிழ்த்தால் பாதி சேறு மாடத்தடியில்தான் விழும்.

அத்தையிடம் மெதுவாகச் சொன்னேன். இது துளசி இல்லை, ஹாஜராவின் விதை, நீங்கள் கொட்டினது இங்கே விழுந்து முளைத்திருக்கிறது என்றேன். அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"அழுகினது எப்படி மொளைக்கும்? நீதானே அழுகினதுன்னு சொன்னே?"

என் வாயே என்னை மாட்டிவிட்டது. சப்ஜா, சர்பத் என்று நான் இழுத்தது எதுவும் எடுபடவில்லை. அறுபது வருஷமாகத் துளசியைப் பார்க்கிறவருக்கு, பஸ் ஸ்டாண்டில் சர்பத் குடித்துவிட்டு வந்தவள் சொல்லிக் கொடுக்க வேண்டுமா என்றார். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். சப்ஜா விதை தருகிற திருநீற்றுப்பச்சையாக இருக்கலாம் என்றார். அத்தை முறைத்ததும், துளசியாகவும் இருக்கலாம் என்றார். அந்த மனுஷர் ஆயுசு முழுக்க இருக்கலாம், இருக்கலாம் என்றே காலம் தள்ளினார்.

உண்மையைச் சொன்னால் எனக்கே நிச்சயமில்லை. கத்தரிக்கும் மிளகாய்க்கும் வித்தியாசம் தெரியாதவள் நான். துளசியாக இருந்துவிட்டால்? பட்ட துளசிக்குத் தினம் தண்ணீர் ஊற்றிக் காத்திருந்தவருக்குத் தானாகத் துளசி வந்திருந்தால், அதைப் போய்ச் சோற்றுக்குக் கடித்துக்கொள்ளப் பிடுங்குவதா? கடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். துளசியாக இருந்தால் கடிக்கக் கூடாது. கடிக்காமல் எப்படித் தெரியும்? இந்த வட்டத்தையே சுற்றிச் சுற்றி வந்தேன். கடையில் வாங்கின விதையைக் கண் உள்ள பாதிகளில் போட்டு வைத்தேன், வேறென்ன செய்ய?

மாடியில் ஹாஜரா பாயோடு பாயாகக் கிடந்தாள். ஐந்தாம் மாசம் முடியப் போகிறது என்று மாமி விரல் மடக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விளக்கு வைக்கிற நேரம்

இரண்டு நாள் கழித்து ஒரு சாயங்காலம். மாமி ஹாஜராவைத் தாங்கிப் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தார், டாக்டரம்மாவிடம் போவதற்கு. அதே நேரம் அத்தை சொம்புத் தண்ணீரை மாடத்தில் ஊற்றினார். இலையெல்லாம் நனைந்து முற்றம் முழுக்க வாசனை எழுந்தது.

ஹாஜரா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். அவள் முகம் போன போக்கைப் பார்த்து மறுபடி வாந்திதான் என்று நினைத்துப் பக்கத்தில் ஓடினேன்.

"அக்கா, இதுதான்" என்றாள்.

கையை நீட்டவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். குங்குமம் வைத்த மாடம் என்று அவளுக்குத் தெரியாதா?

மாமி அவள் தோளைப் பிடித்து இழுத்தார். "அது அவுங்க கும்புடுற செடி. வாம்மா, நேரமாவுது."

அத்தை சொம்பைக் கீழே வைத்தார்.

"இதயா சாப்புடணுங்குறே?"

"இல்லம்மா. வாசம் வந்துச்சி, அவ்வளவுதான்."

அத்தை அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து ஒரு இலையைக் கிள்ளினார். விளக்கு வைக்கிற நேரத்தில். கிள்ளினதை வாயில் போட்டார். முன்பல்லால் கடித்து, நன்றாக, சத்தம் கேட்கிற மாதிரி மென்றார்.

"துளசி இல்ல" என்றார். "துளசிக்குக் காரம் வேற. இது என்னமோ தழை. சரோஜா, பறிச்சிக் குடு."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் கை நிறையப் பறித்தேன். மாமி டாக்டரை மறந்துவிட்டு மேலே போய் மிளகாயும் சென்னாக்குனியும் வறுத்து இடித்தார். அந்த வாசனை கீழேவரை வந்து, கடலூர்க்காரியான எனக்கு வாயில் எச்சில் ஊறியது. ஹாஜரா ஒரு வாய் சாப்பிட்டாள். நாங்கள் இரண்டு பேரும் செம்பையும் துணியையும் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தோம். இன்னொரு வாய் சாப்பிட்டாள். வரவில்லை. தட்டில் வைத்ததெல்லாம் உள்ளே போயிற்று, போனது அங்கேயே நின்றது. மாமி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதார். நானும் அழுதேன்.

ஏகாதசி இல்லாத நாள்

மறுநாள் காலையில் அத்தை காப்பி வேண்டாம் என்றார். பலகாரமும் தொடவில்லை. மத்தியானம் இலை போட்டுக் கூப்பிட்டேன், வரவில்லை.

"இன்னிக்கு ஏகாதசியா அத்தை?" என்றேன். இரண்டு நாள் முன்புதான் ஏகாதசி, மூன்று தோசை நானே வார்த்துப் போட்டிருந்தேன்.

"வயிறு மந்தமா இருக்குது" என்றார்.

ஆனால் காலையில் குளித்து, மாடத்துக்குத் தண்ணீர் ஊற்றி, குங்குமம் வைத்து, வழக்கம்போலச் சுற்றி வந்திருந்தார். அதை நான் பார்த்தேன். பாதிச் செடி மொட்டையாக நின்றது, அதைத்தான் சுற்றினார். வழக்கத்தை விடக் கூடுதலாகவே சுற்றின மாதிரி இருந்தது.

"துளசி இல்லன்னு சொன்னீங்களே. அப்புறம் எதுக்குச் சுத்துனீங்க?"

பாய் கூட விரிக்காமல் தரையில் கையை மடக்கித் தலைக்கு வைத்துப் படுத்திருந்தார். ஒரு வேளைச் சோறு தள்ளிப்போனால் வீட்டை இரண்டாக்குகிறவர், பச்சைத் தண்ணீர் கூடக் குடிக்காமல் கிடந்தார். அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. துளசி என்று நம்பிக்கொண்டேதான் கடித்திருக்கிறார்.

மேலே தட்டுச் சத்தம் கேட்டது. படியில் நின்று மாமி குரல் கொடுத்தார். "சரோஜா, புள்ள இன்னுங் கொஞ்சம் சோறு கேக்குது. நாலு தழை கிடைக்குமா?"

நான் அத்தையைப் பார்த்தேன். கண்ணை மூடியபடியே சொன்னார்.

"அடி எலய உருவாதே. நுனியப் பாத்துக் கிள்ளு. அப்பத்தான் நாளைக்கும் தழைக்கும்."